மாமாவின் பல்செட்டும் ஈஸ்டர் விடியலும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏன் புள்ள, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிப்பியா?"

பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அப்பா பதறிவிட்டார். "மாட்டு வேலையெல்லாம் புள்ளைக்குப் பழக்கமில்லீங்க."

"எங்ககிட்ட மாடு ஏதுங்க? ஈஸ்டர் ஆராதனைக்குக் கேட்டேனுங்க."

வீடே சிரித்தது. நாங்களும் சபைக்காரர்கள்தான், ஆனால் கோயிலுக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேருகிற குடும்பம். இப்படி ஒருவர் வீட்டுக்கு வாழப் போகிறோமே என்று எனக்கு உள்ளூரப் பயம். அந்தப் பயம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. தொண்ணூறு வயது தாண்டி வாழ்ந்து, போன வருடம்தான் மாமா காலமானார். அத்தனை காலமும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை.

மாமா பிறந்தது இலங்கையின் மலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். தோட்டத்துச் சிறு கோயிலில்தான் ட்ரம்பெட் ஊதக் கற்றுக்கொண்டார். இருபது வயதில் அம்மாவோடு கப்பலேறி வந்து, வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

"அங்க எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னாங்க. ஆண்டவரு மட்டுந்தான் ரெண்டு ஊர்லயும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு" என்பார்.

பிறகு ராணுவத்தில் ஆள் எடுத்தபோது வரிசையில் போய் நின்றார். ஊதத் தெரியும் என்றதும் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லையில் சண்டை வந்தபோது ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரும் வேலை. அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தானாகச் சொன்னார்.

"'இவன எறக்கி வெக்கிற வரைக்கும் என் காலுக்குப் பெலன் குடுங்க ஆண்டவரே'ன்னு சொல்லிட்டே நடப்பேன் அம்மணி."

"எறக்கி வெச்சதுக்கு அப்பறம்?"

"அடுத்தவனுக்கும் அதே ஜெபந்தான்."

ஓய்வுபெற்று போத்தனூரில் வீடு கட்டிக் குடியேறியபின், புதன்கிழமை தவறாமல் பிளாஸ்கோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். நோயாளிகளிடம் அவர் வைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. வேண்டியவருக்கு ஜெபம், வேண்டாதவருக்குக் காப்பி. இரண்டையும் கேட்டவர்கள் நிறையப் பேர்.

ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது ஈஸ்டர் விடியலில்தான். கோயில் வளாகத்தில் இருட்டு பிரியும் நேரம் அவர் ட்ரம்பெட் ஊதுவார், சபை பாட ஆரம்பிக்கும்.

எண்பதைத் தாண்டியபின் ஒரு மழைக்காலத்தில் அவருடைய முன்பற்கள் ஆட்டம் கண்டன. பல் டாக்டரம்மா எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாமா மொட்டைமாடிக்குப் போய் ட்ரம்பெட்டை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது.

பக்கத்து வீட்டு பாய், கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "ஏனுங்க ஐயா, ஆடு கீடு வாங்கியிருக்கீங்களா? அதுக்கு ஒடம்பு சொகமில்லீங்களாட்ட இருக்குது."

மாமா சிரித்த சிரிப்பில் மேல்செட்டு கழன்று கைக்கு வந்துவிட்டது.

சபையில் அக்கறையாகத்தான் சொன்னார்கள், வருகிற ஈஸ்டருக்கு ட்ரம்பெட் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம் என்று. மாமா கேட்டார், "ஆண்டவரு உசுரோட எந்திரிச்சு வாராரு. நாம ரெக்கார்டு போட்டு வுடறதா?"

மறுநாள் ட்ரம்பெட்டோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். துணைக்கு நானும். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா முன்னால் ஊதிக் காட்டினார். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டே, செட் எந்த இடத்தில் தூக்குகிறது என்று பார்த்துத் தேய்த்துக் கொடுத்தார். பிறகு தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் பயிற்சி. பாய் தன் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலீங்க" என்று தீர்ப்பு சொல்வார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முழுக்க எங்கள் தெரு அதைக் கேட்டுத்தான் விளக்கேற்றியது.

ஈஸ்டர் அன்று மாமா மெடல் குத்திய கோட்டில் நின்றார். பாய் பள்ளிவாசலில் தொழுகை முடித்த கையோடு ஸ்கூட்டரில் வந்து கேட்டருகே நின்றுகொண்டார். முதல் ஸ்வரம் உடைந்தது. மாமா ட்ரம்பெட்டை இறக்கி, உதட்டை நாக்கால் ஈரப்படுத்தி, மறுபடி தூக்கினார். இந்தமுறை பாட்டின் சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்திருந்தார். மேலே ஏற வேண்டிய ஓரிடத்தைத் தொடாமலே தாண்டிப் போனார். மற்றபடி முழுப் பாட்டும் வந்தது. அவர் முடித்தும் ஒருவரும் பாடவில்லை, போதகர் உட்பட.

"என்னத்த பாக்கறீங்க? பாடுங்க!" என்று மாமா அதட்டினார்.

பாடினோம். அழுகையும் சிரிப்புமாகப் பாடினோம்.

காலைச் சாப்பாட்டுக்கு பாயைக் கையோடு கூட்டி வந்துவிட்டார் மாமா. இட்லியும் கறிக்குழம்பும். லெந்தில் நாற்பது நாள் கறி தொடாத மாமா எலும்பைக் கடித்து இழுத்தார். செட் அசையவில்லை.

"பாத்தீங்களா பாய்? கெட்டி!"

"அதெல்லாஞ் செரிங்க ஐயா. அந்த மேல் சத்தத்த வுட்டுப்போட்டீங்களே?"

"அது அடுத்த வருசத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மாமா இன்னும் இரண்டு இட்லிக்குத் தட்டை என் பக்கம் நீட்டினார்.