நான் வீசியெறிந்த வளையல்கள்

என் முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்துப்போனது. ஒன்பதாம் மாதம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா ஒன்றும் பேசாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் பொன்னமராவதிக்குப் பக்கம். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைப் பிரசவம் ஆனதும் கழற்றி, பிள்ளையைக் கையில் வாங்கியவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் யாருக்குக் கொடுப்பது? நர்ஸிடம் நீட்டினேன். அவர் கண்கலங்கிக் கையை இழுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. யார் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. அதனால் பேச்சியம்மன் மேல் சொன்னேன்.

பிள்ளைத்தாய்ச்சிகளைக் காக்கிற சாமி என்று எல்லோரும் கும்பிடுகிறோமே, அவள்தான். எங்கள் ஊர் எல்லையில் கல்லாய் உட்கார்ந்திருக்கிறாள். பிதுங்கிய கண், மடியில் ஒரு பெண், தூக்கிய கையில் ஒரு பிள்ளை. வளையல்களைக் கொண்டுபோய் அவள் முகத்தில் வீசினேன். "நீயே வச்சுக்கடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வளையல் உடைகிற சத்தம் கேட்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் விளக்கும் ஏற்றவில்லை.

மறுபடி உண்டானபோது வளைகாப்பே வேண்டாம் என்று நின்றேன். என் அம்மா அழுதாள்.

"ஒரு வளையலாச்சும் போட்டுக்கடி. மொட்டக் கையோட எப்பிடிடி பெத்துக்குவ?"

"கையாலயா பெத்துக்கப்போறேன்? போம்மா அங்கிட்டு."

போன ஐப்பசியில் வலி கண்டது. மழை நாள். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. மதியத்துக்குள் எனக்குத் தெம்பு போய்விட்டது. பிள்ளை இறங்கவில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு பக்கத்து மெஷினில் கேட்டுக்கொண்டிருந்தது. அது தடுமாறியது. தியேட்டருக்குக் கொண்டுபோகலாம், ஸ்ட்ரெச்சர் கொண்டுவாங்க என்று டாக்டர் சொன்னார். சிஸ்டர் என் கால்மாட்டில் நின்றார். மெஷின் சத்தம் மெலிந்தது. பிறகு நின்றது.

அந்த அமைதி எனக்குப் பழக்கம். ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

நான் உருகி வேண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள் சொன்னேன். "வளையல வாங்கிக்கிட்டேல்ல? வந்து வேலையப் பாருடி."

வளையல் சத்தம் கேட்டது. கை நிறைய வளையல் போட்ட பெண் அவசரமாக நடந்து வந்தால் கேட்குமே, அப்படி. தலைமாட்டிலிருந்து வந்தது. மழையில் நனைந்த கல்லைப் போன்ற குளிர்ச்சியோடு ஒரு கை என் தலையைத் தாண்டி வந்து மேல்வயிற்றில் அழுந்தியது. வளையல்கள் தோலில் பதிந்தன. ஒரே அமுக்கு. சின்னதாக எதுவோ உடைகிற சத்தம். பிள்ளை இறங்கிவிட்டது.

அழவில்லை. சிஸ்டர் அதன் முதுகைத் தேய்த்தார், வாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தார், மறுபடி தேய்த்தார். பிறகு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று யாருக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஸ்வீட் பாக்ஸ் போதும் என்றார் என் வீட்டுக்காரர். வளையல்தான் முறை என்று அம்மா புது வளையல் வாங்கி வந்திருந்தாள். நான் இரண்டும் இருக்கட்டும் என்றேன். அதோடு, வயிற்றை அமுக்கிப் பிள்ளையை இறக்கியவருக்குத் தனியாக ஒரு சேலை வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் போய் அரக்குச் சேலை எடுத்து வந்தார்.

சிஸ்டர் வளையலைப் பார்த்துச் சிரித்தார். "ட்யூட்டியில கையில ஒண்ணும் போடக் கூடாதும்மா. குடுங்க, வீட்டுல போட்டுக்கிறேன்."

"சேலை யாருக்குக் குடுக்கணும்? என் வயித்த அமுக்குனது யாரு?"

சிஸ்டர் முகத்தில் சிரிப்பு போனது. "யாரும் ஒங்க வயித்துல கை வைக்கலையே. அப்பிடி அமுக்கவும் மாட்டோம்."

"தலைமாட்டுல நின்னாங்களே."

"தலைமாட்டுல செவருல்ல இருக்கு? ஆளு எங்கிட்டு நிக்கிறது?"

பிரசவ அறையைக் கூட்டுகிற அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆளு இல்லாட்டி எனக்குக் குடு தாயி, நான் கட்டிக்கிறேன்" என்று சிரித்தபடி சேலையை வாங்கிக்கொண்டார். பிறகு என்னை அதட்டினார். "ஆனா ஒன்னைய ஒண்ணு கேக்கணும். பெத்துக்க வாரவ வளையலக் கழட்டிட்டு வர வேணாமா? நீ பெத்த கட்டிலுக்கு அடியில பச்சை வளையல் துண்டு. கூட்டையில வெரல்ல ஏறிருச்சு, பாரு."

விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அவ ஒரு வளையல்கூடப் போடலையேக்கா" என்றாள் அம்மா.

அந்த அக்கா என் மொட்டைக் கையைப் பார்த்தார். சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "வேணாம் தாயி. இது என்னோடது இல்ல." எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. ஸ்வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தீட்டுக் கழிந்ததும் பிள்ளையையும் சேலையையும் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போனேன். பேச்சியம்மனின் கையிலிருந்து என் வளையல்கள் மஞ்சள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நீ எறிஞ்சதுதாம்மா" என்றார் பூசாரி. "ஒண்ணுகூட ஒடையல. மனசு கேக்கல, கோத்துக் கட்டிட்டேன். அன்னைக்கிக் கட்டுனது, தொடவே இல்ல."

சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று என் வளைகாப்பில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அவரும் அப்படியே கோத்திருந்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. நூல் அறவில்லை. முடிச்சின் மேல் தூசி படிந்திருந்தது.

சேலையை அவளுக்குச் சாத்தச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கவில்லை. முதல் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்றுதான் இன்றும் கேட்கிறேன். ஆனால் செவ்வாய் தவறாமல் நேரில் போய்க் கேட்கிறேன். விளக்கேற்றிவிட்டுக் கேட்கிறேன். உங்களுக்கும் மனதில் கோபம் இருந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு புழுங்காதீர்கள். அவள் முன்னால் போய்க் கொட்டுங்கள். கோபத்தில் எறிந்ததைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறவள், வாங்கியதற்கு வேலை செய்யாமல் விட மாட்டாள்.

மகளுக்குப் பேச்சியம்மாள் என்றே பேர் வைத்தோம். ஸ்கூலில் கேலி செய்வார்கள் என்கிறார் வீட்டுக்காரர். செய்யட்டும்.

இன்னும் நான் வளையல் போடுவதில்லை. பகலில் அடுப்படியில் நிற்கும்போது பிள்ளை தொட்டிலில் சிணுங்கும். நான் கையைத் துடைப்பதற்குள் அங்கே வளையல் சத்தம் கேட்கும். அழுகை நின்றுவிடும்.

நான் போய்ப் பார்ப்பதில்லை. உலையைக் கவனிக்கிறேன்.