ஆடி மாதத்தில் கார் எடுத்துக் கொடுத்த ஹமீதா டீச்சர்

போன வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் அறையில் சந்தை இரைச்சல்தான் இருக்கும். "ஹமீதா டீச்சர் தவறிட்டாங்க. காலையில நெஞ்சுவலி" என்று தமிழாசிரியை சொன்னார். "எந்த ஹமீதா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஹமீதாதான். ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.

கான்சாபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளியில் அவர் பத்தொன்பது வருடம் தையல் டீச்சராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றார். நான் அறிவியல் எடுப்பவள். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் பள்ளியில் டீச்சர், வெளியே வந்துவிட்டால் அக்கா. அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஓடுகிற பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அவர் பேசி முடித்த விலையில் வந்தவை. மறந்திருக்க மாட்டீர்கள்.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை இருந்தது. சின்ன வயதில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். "வாங்குத ஆளு மொகத்தப் பாத்துத்தான் அத்தா விலை சொல்லுவாக. அதான் நான் கடைக்குப் போனா மொகத்த வீட்லயே வச்சுட்டுப் போயிருவேன்" என்பார். சொன்னபடியே செய்வார். முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டுச்சேலையை, பழைய துணிக்குப் பாத்திரம் மாற்ற வந்தவர்போலப் பார்ப்பார்.

எனக்குக் கார் தேவைப்பட்டது ஆறு வருடத்துக்கு முன்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து பள்ளிக்கு இன்னொரு பஸ். முதல் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் இரண்டாவது போய்விடும். தாமத வருகைக்காக எனக்கு விளக்கக் கடிதம் எழுதியே கையெழுத்து அழகாகிவிட்டது. ஓட்டுநர் உரிமம் எடுத்து வைத்திருந்தேன். என் சம்பளத்தில், என் பேரில் ஒரு சின்னக் கார் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன்.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கெட்டவர் அல்ல. ஆனால் பணம் என்றால் அது ஆண்கள் பேசுகிற விஷயம் என்று அப்போது நினைத்திருந்தார். "நீ போனா அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டிட்டு வருவ. எல்லாச் செலவும் சேர்த்து ஆறு லட்சத்துக்குள்ள முடிச்சா எடுத்துக்கோ. ஒரு ரூபா கூடினாலும் அண்ணனோட பழைய வண்டிதான்" என்றார். அண்ணனுடைய வண்டி பன்னிரண்டு வருடப் பழசு. அதை வாங்கினால் அது அண்ணன் வண்டியாகவேதான் இருக்கும். வாரம் ஒருமுறை அவர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

வீம்பில் நான் தனியாகவே ராஜபாளையத்துக் கார் ஷோரூமுக்குப் போனேன். செய்த முதல் காரியமே கோணல். எந்தக் கலர், எந்த மாடல் என்று கேட்ட விற்பனையாளரிடம், "ஆவணி முதல் முகூர்த்தத்துல டெலிவரி வேணும், நாள் பார்த்தாச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் ஆறு லட்சத்து நாற்பத்தோராயிரம்.

மறுநாள் அந்தத் தாளை ஹமீதா அக்காவிடம் நீட்டினேன். முகூர்த்த நாளைச் சொன்னதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஏட்டி கோதை, நல்ல நாளச் சொல்லிட்டா விலையச் சொன்ன மாதிரில்லா? அந்த நாளுக்குள்ள நீ எடுத்தே ஆகணும்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சே. இனி அவன் எதுக்குக் கொறைப்பான்?" என்றார். இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கே தோன்றியது.

சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் ராஜபாளையம் போனோம். விற்பனையாளர் எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றார். "சாருக்குக் கார் ஓட்டத் தெரியாது" என்று சொல்லி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காரின் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டேஷனை விரித்து, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஹேண்ட்லிங் சார்ஜுன்னு போட்டிருக்கீக. எதக் கையாண்டீக? வண்டி தானா உருண்டுதான வந்துச்சு?"

விற்பனையாளர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்தது உபரிச் சாமான்கள். கால்மிதி, வாசனைப் புட்டி, முன்பக்கம் ஒட்டுகிற பிள்ளையார் என்று நீளமான பட்டியல். "நான் ஜாக்கெட் தைச்சுக் குடுத்துட்டு நூலுக்குத் தனி, கொக்கிக்குத் தனின்னு பில்லு போட்டா உங்க வீட்டம்மா என்கிட்ட வருவாகளா தம்பி? பிள்ளையாருக்கு வேற விலை போட்டிருக்கீக. இவ வீட்ல பெருமாளே இருக்காரு" என்று எல்லாவற்றையும் அடித்தார். காப்பீட்டுக்கு வேறொரு ஏஜெண்டிடம் முன்பே விலை கேட்டு எழுதி வைத்திருந்தார். அதையும் காட்டினார். அரை மணி நேரத்தில் விலை ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு வந்தது. அதற்கு மேல் தன்னால் முடியாது என்று விற்பனையாளர் மேனேஜரைக் கூப்பிட்டார்.

மேனேஜர் நிதானமானவர். "டீச்சர், ஆவணி முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே பத்துப் பேரு புக் பண்ணிட்டாங்க. அந்த நாளுக்கு நான் குறைச்சுக் குடுக்க வேண்டிய அவசியமே இல்லையே" என்றார். நியாயம்தான். நான் வாயைத் திறந்ததன் பலன் அது.

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இந்த மாசம் எத்தன வண்டி போயிருக்கு?" என்றார். ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஷோரூமில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்காவே தொடர்ந்தார்: "மாசத்துக்கு இத்தன வண்டி விக்கணும்னு கம்பெனிக் கணக்கு இருக்கும்லா? இங்கிலீஷ் மாசம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. இந்த மாசக் கணக்குல பில்லு போடுங்க. வண்டியையும் ஆடியிலயே எடுத்துக்கிடுதோம். எம்புட்டு குறைப்பீக?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதறியது நான்தான். எங்கள் வீடு ஆண்டாள் கோயிலுக்குத் துளசி மாலை கட்டிக் கொடுத்த வீடு. என் மாமியார் ஆடியில் ஒரு துடைப்பம் வாங்கக்கூட நாள் பார்ப்பவர். "அக்கா, ஆடியிலயா? அத்தை என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாக" என்றேன், மேனேஜர் எதிரிலேயே.

"ஏட்டி, உங்க ஆண்டாள் பொறந்தது எந்த மாசம்?"

"ஆடிப்பூரம்."

"அவுக தேரு எந்த மாசம் ஓடுது?"

"ஆடியிலதான்" என்று முணுமுணுத்தேன்.

"ஊர்லயே பெரிய வண்டி ஆடியிலதான் ஓடுது. உன் சின்ன வண்டிக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு? ஆடிப்பூரத்தன்னைக்கே எடு."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இத நான் மத்த கஸ்டமர்கிட்டயும் சொல்லிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். "கொறைச்ச பொறவு சொல்லிக்கோங்க" என்றார் அக்கா. ஐந்து லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்துக்கு முடிந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் போன் செய்தார். அக்கா வாங்கிப் பேசினார். "தம்பி, ஆறுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நான் சும்மா தொணைக்கு வந்தேன், அம்புட்டுத்தான். பூராவும் உங்க வீட்டம்மாதான் பேசுனாக. ஆண்டாள் தேரே ஆடியில ஓடலையான்னு கேட்டாக பாருங்க, மேனேஜர் வாயடைச்சுப் போயிட்டாரு" என்றார். நான் கையை ஆட்டிப் பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன் அக்கா பொய் சொன்னீக?"

"நான் சொன்னேன்னா அது யாவாரம். நீ சொன்னா பக்தி. உன் மாமியாருக்கு எது வேணும்?" என்றார். அதோடு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவர் கணக்குத் தப்பவில்லை. விஷயம் கேட்ட மாமியாருக்கு முதலில் முகம் கறுத்தது. தேர் பேச்சைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் மருமகளுக்குத் தோணியிருக்கு பாரு" என்று ஊரெல்லாம் சொன்னார். ஆடிப்பூரத்தன்று வண்டி எடுத்தோம். தேர்க் கூட்டத்தில் ஊருக்குள் நுழைய முடியாமல், புதுக் காரை ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தோம். அந்த யோசனை மட்டும் எங்கள் யாருக்கும் வரவில்லை, அக்காவுக்கும்தான்.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை நான்கு வருடம் இருவரும் அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போனோம். காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஏறிக்கொள்வார். ஓட்டத் தெரியாது, ஆனால் குறை சொல்லத் தெரியும். "கிளட்ச்ச என்னத்துக்கு இந்த மிதி மிதிக்க? தையல் மிஷின்னு நெனப்பா?" என்பார். எத்தனை பேருக்கோ விலை பேசியவர், தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவைச் சொன்ன விலைக்கே வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குன்னா வாய் வர மாட்டேங்கு" என்றார். எனக்கு அன்று கோபம்கூட வந்தது. நானாவது கூடப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அடக்கம். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் தெருவில் ஆண்களோடு நின்றார். அந்த மேனேஜரும் வந்திருந்தார். வேறு கம்பெனிக்கு மாறிய பிறகும் செய்தி கேட்டு வந்திருக்கிறார். என் கணவரை அடையாளம் கண்டு, "ஆண்டாள் தேரைச் சொல்லி டீச்சர் என்னையும் உங்க வீட்டம்மாவையும் ஒரே போடுல மடக்கிட்டாங்க சார். இன்னைக்கும் ஆடி வந்தா நான் அதைச் சொல்லித்தான் வண்டி விக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் கணவர் கேட்டார், "அப்ப அது நீ சொன்னதில்லையா?"

"இல்ல. அன்னைக்கு நான் வாயத் திறந்ததே தப்பாத்தான்."

"நீ பேசுவன்னு நம்பித்தான எல்லாத்தையும் உன்கிட்ட விட்டேன்? வீட்டுக் கடன், போர் போட்டது, பிள்ளை காலேஜு..."

"நீங்க நம்புனதாலதான் பேசினேன்" என்றேன்.

அது உண்மை. போர்வெல்காரர் முன்னால் போய் உட்கார்ந்த முதல் நாள் பாதியில் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் என்னால் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று திரும்பி வர வெட்கமாக இருந்தது. அதனால் பேசினேன். கணவர் ரோட்டைப் பார்த்தபடியே, "பெரிய பொம்பளை" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மாமியாரிடமும் சொன்னேன். அவருக்கு எண்பத்து நான்கு வயது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான். உனக்கு அம்புட்டு வெரசா பதில் வராதே" என்றார். சிரிக்கத்தான் வந்தது எனக்கு. பிறகு அவரே, "நம்ம வாசல்லதான வந்து நிப்பா தெனமும்? நாலு வருசம் கார் பக்கத்துலயே நின்னுட்டுப் போயிருக்கா. ஒரு நாளும் உள்ள வான்னு நான் கூப்பிடல. நீயும் கூப்பிடல" என்றார். நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று ஓடியதைத்தான் நான் காரணமாகச் சொல்ல முடியும்.

ஹமீதா அக்கா கொடுத்ததில் தேர் பேச்சை இன்றோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி யார் சொன்னாலும் அவர் பேரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த நம்பிக்கையை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்காக ஆறு வருடம் உழைத்திருக்கிறேன். கூடவே, அவரை வாசலிலேயே நிறுத்திவைத்த நான்கு வருடமும் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாரிடம் பேசியும் குறைக்க முடியாது.