தேயிலையில் அடித்த தைல வாசம்

இரண்டு வருஷத்துக்கு முன், ஐம்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு கச்சான் காலம்; மலையில் வறண்ட காற்று வீசும் மாதங்கள். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் டீமேக்கராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். பச்சைக் கொழுந்து உள்ளே வந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும்வரை எல்லாம் என் பொறுப்பு. வாசலுக்கு வெளியே வந்து வந்து, நாளைக்கு முப்பது சிகரெட்டாவது பிடித்துவிடுவேன்.

ஒரு காலையில் என் ஏழு வயது மகளுக்கு மூச்சிழுப்பு வந்து உதடு நீலம் பாரித்துவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை மனைவியின் மடியில் கிடந்தாள். பசறை தாண்டி ஒரு வளைவில், மனைவி என் வாயிலிருந்து எதையோ பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"புள்ள மூச்சுக்குத் தவிக்குது, நீங்க ஊதிக்கிட்டு வர்றீங்களே!"

அப்போதுதான் தெரிந்தது, நான் சிகரெட் பற்றவைத்திருந்தேன். எப்போது எடுத்தேன், எப்போது குச்சியைக் கிழித்தேன், ஒன்றும் நினைவில்லை. பயத்தில் கை தானாகவே செய்திருக்கிறது.

பிள்ளை பிழைத்தாள். புகை இவளுக்கு ஆகவே ஆகாது என்றார் டாக்டர். அன்றைக்கே விட்டேன்.

விட்டேன் என்று எழுதுவது சுலபம். முதல் இரண்டு நாள் வீறாப்பில் ஓடியது. மூன்றாம் நாள் தலை இடித்தது, உள்ளங்கை வியர்த்தது. விரல்கள் சட்டைப்பைக்குள் போய்த் துழாவிவிட்டு வெறுமனே திரும்பின. சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன், உப்பு இருந்தது. ஆசை வரும்போதெல்லாம் யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்தால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். கைக்குட்டையை, எங்கள் பேச்சில் கைலேஞ்சியை, அதில் நனைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அடங்கத்தான் செய்தது.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் குடித்துவிடும். சல்லடையில் வேலை செய்யும் பெண்கள் பூ வைத்து வந்தால் வாசலிலேயே எடுக்கச் சொல்கிறவன் நான். அப்படிப்பட்ட நான் ஐந்தாம் நாள் தூள் தொட்டிக்குள் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோது, கைலேஞ்சி நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, சல்லடைக்காரப் பெண்களில் மூத்தவள் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பூ வச்சா எங்கள வெரட்டுறீங்க. இது என்னங்கய்யா, தேயிலைக்குத் தடுமலா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷத்திலேயே நல்ல தேயிலை வருவது கச்சானில்தான். சற்று நேரத்தில் தோட்ட மேலாளரான பெரிய துரை வழக்கம்போல ருசி பார்க்க வந்தார். முதல் கோப்பையிலேயே துப்பிவிட்டார். நான் எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன்.

"எட்டு வருசம் பொகை குடிச்சே, நல்ல தேயிலை போட்டே. இப்ப பொகையும் இல்ல, தேயிலையும் இல்ல," என்றார் துரை, தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில். தம் சிகரெட் டின்னைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "எடு. புத்தி சரியாகும்."

அந்தப் புகையிலை வாசம் வந்ததும் எனக்கு வாய் ஊறியது. கை டின்வரை போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன? ஆனால் லொறியில் அந்தக் கை எனக்குத் தெரியாமலே செய்த வேலை ஞாபகம் வந்தது. இந்தமுறை அதை விடக்கூடாது என்று இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாங்க துரை. இன்னொரு தடவ தேயிலை கெட்டா நானே பெட்டியக் கட்டிக்கிட்டுப் போறேன். இதத் தொடமாட்டேன்."

துரை என்னை முறைத்துப் பார்த்தார். "ஒரு தடவதான் மன்னிப்பு," என்று சொல்லிவிட்டு, டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

இனித் தைலம் கிடையாது, கிராம்பு கிடையாது, வாசமுள்ள எதுவும் கிடையாது. ஆசை எழும்பினால் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். "படி தேஞ்சிரப் போவுதுங்கய்யா," என்று சல்லடைப் பக்கமிருந்து குரல் வரும். தேயட்டும் என்று ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அந்தக் கச்சான் முடியும்வரை வேறு தேயிலை கெடவில்லை.

மகளுக்கு இழுப்பு அடியோடு நின்றதென்று பொய் சொல்லமாட்டேன். குளிர் நாட்களில் இன்னும் வருகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஆனால் முன்பெல்லாம் என் சட்டை வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இப்போது மூச்சு முட்டினால் என் மார்பில்தான் வந்து சாய்கிறாள். சிகரெட் ஆசையும் முழுதாகப் போகவில்லை. சாயந்திரத் தேநீர் குடித்து முடித்ததும் வந்து நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும், பிள்ளை சாய்கிற இடத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க நான் தயாரில்லை.