சொறியும் நட்சத்திர மீனும்

பொன்னேரிப் பேருந்தில் அப்பா தன் மடியில் ஒரு கண்ணாடிப் புட்டியை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா மாவடு போட்டு வைக்கும் புட்டி. அன்று அதற்குள் மாவடு இல்லை. உப்புநீரில் ஒரு ஜெல்லி மீன், குடை கவிழ்ந்தாற்போல் கிடந்தது. நெற்றியில் திருமண்ணும் முழங்கால்வரை நனைந்த பஞ்சகச்சமுமாக இருந்த அவரைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், "இன்னா சாமி, ஊறுகாவா?" என்று கேட்டார். "இல்லப்பா, பொண்ணோட பரீட்சை" என்றார் அப்பா.

திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் விலங்கியல் படித்துவந்தேன். முதுகெலும்பில்லாத உயிர்களைச் சேகரித்து, வகை பிரித்து ஒப்படைத்தால்தான் செய்முறைத் தேர்வு. அதற்காக வகுப்பே ராமேஸ்வரம் பக்கம் கிளம்பியது. "வயசுப் பொண்ணு நாலு நாள் வெளில தங்கறதாவது!" என்று அப்பா மறுத்துவிட்டார். நான் அழுதேன், பிறகு அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். தோழிகள் திரும்பிவந்த வாரம், விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பினார். "பழவேற்காட்டுலயும் கடல்தானே இருக்கு? வா, போயிட்டு வரலாம்."

மீனவர்கள் வலை உதறும் இடத்தில் நின்றோம். ஒரு நட்சத்திர மீன் மணலில் கிடந்தது. அதை மல்லாத்தி, கரங்களின் அடியில் வரிசையாக அசையும் குழாய்க்கால்களை அப்பாவுக்குக் காட்டினேன். தலை கிடையாது, இந்தக் கால்களால்தான் நகரும், முட்தோலி வகை என்றேன். அது ஒரு கரத்தை வளைத்து, மெல்லப் புரண்டு நிமிர்ந்துகொண்டது. அப்பா குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத என்ன பண்ணுவே?"

"மருந்துல போடணும்ப்பா."

"உயிரோட இருக்கே."

அப்பா அதை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், செத்தது ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். கரையோரம் ஒதுங்கியிருந்த ஜெல்லி மீன் ஒன்றை இரண்டு கையாலும் அள்ளினார்.

"ஐயோ, சொறி சாமி அது! செத்தாலும் சுடும், போடு கீழே!" வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். அதற்குள் அவருடைய வலக்கையில் சாட்டையால் அடித்தாற்போல் சிவந்த கோடுகள் எழும்பியிருந்தன. நான் குடிதண்ணீரை எடுத்தேன். "நல்ல தண்ணி ஊத்தாத பாப்பா, இன்னும் எரியும். கடல் தண்ணி எடுத்துக்கினு வா" என்றவள், அவர் கையருகே வந்து தயங்கினாள். "தொடலாமா சாமி?"

அப்பா கையை நீட்டினார். அவள் தன் உள்ளங்கையில் அதைத் தாங்கி, ஒட்டியிருந்த இழைகளைக் குச்சியால் எடுத்துவிட்டுக் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நான் அழுவது நட்சத்திர மீனுக்காக என்று நினைத்தாளோ என்னவோ, நாங்கள் கிளம்பும்போது தன் குடிசையிலிருந்து காய்ந்துபோன ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது போன வாரமே செத்துப்போச்சு. எடுத்துக்கினு போ."

திரும்பும்போது பேருந்தில் அப்பா புட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏண்டி, இதுக்கு ஹ்ருதயம் எங்கே?"

"கிடையாதுப்பா. மூளையும் கிடையாது, ரத்தமும் கிடையாது. நடுவுல ஒரே வாய். தின்கறதும் கழிக்கறதும் அதாலதான். குழியுடலின்னு பேர்."

புட்டியை இன்னும் சற்று அணைத்துப் பிடித்துக்கொண்டார். "பாவம்" என்றார்.

கை வீங்கிவிட்டதால் சில நாட்கள் கோயிலில் சித்தப்பாதான் அவர் முறையைச் செய்தார். புண் ஆற வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வரும்படி அம்மா நச்சரித்தாள். எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களிடம் அப்பா ஏதோ பூச்சி என்று சொல்லிவைத்தார்.

இன்று நான் கற்பிக்கும் மாணவிகள் ஆசிரியர்கள் எங்கள் யாரிடமும் சொல்லாமலேகூடக் கடற்கரைகளுக்குப் போய்வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இறுதியாண்டில் நான் வகுப்போடு போன சேகரிப்புப் பயணம் நினைவுக்கு வரும். அம்மா வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும், அப்பாதான் என் படுக்கையைச் சுமந்துகொண்டு ரயிலடிக்கு வந்தார்.

"நாலு நாளோ அஞ்சு நாளோ, இருந்து முடிச்சிட்டு வா. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

வண்டி வளைவில் திரும்பும்வரை நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோயிலுக்குத் தாமதமாகப் போனார் என்று அம்மா பிறகு சொன்னாள்.