குழாய்க்குப் பின்னால் நின்ற படகு

போன வாரம் செம்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். மருமகள் எழுதிக் கொடுத்த சீட்டில் சுக்கும் அதிமதுரமும்தான் இருந்தன. கடைக்காரர் உள்ளே எதையோ இடித்துக்கொண்டிருந்தார். வாசனை வந்ததும் "குங்கிலியமா?" என்று கேட்டேன். ஆமாம், சாம்பிராணியோடு போட வேண்டுமா என்றார். இல்லை, இதைப் படகுக்குப் பூசுவார்கள் என்றேன். வெயிலில் நடந்து வந்த கிழவன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார். ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் ஸ்டூல் போட மாட்டீர்கள்.

குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சும்போது முதலில் கோயில் வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் சுறா எண்ணெயின் நாற்றம் அதை முந்திக்கொள்ளும். அறுபதுகளில் ஒரு கோடைக்காலம் முழுக்க பம்பாயில் டிராம்பே கரையில் அந்த இரண்டையும் முகர்ந்துகொண்டுதான் மத்தியானச் சோறு சாப்பிட்டேன். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. தாராவியில் அவள் வீட்டில் ஒண்டியிருந்தேன். அத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. எனக்கு, டிராம்பேயில் எண்ணெய்க் குழாய் போடும் ஒரு காண்டிராக்டரிடம் டைம்கீப்பர் வேலை. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுத வேண்டும். மற்றவர்களுக்குக் கை ஒழியாதபோது மற்றதையும் எழுத வேண்டும்.

அந்த 'மற்றது'தான் வினையாயிற்று. மழை முடிந்து வேலை தொடங்கிய புதிதில், குழாய் போகப் போகும் வழியைப் பார்க்க சர்வேயரோடு என்னை அனுப்பினார்கள். கோலி மீனவர்களின் குடிசைகளைத் தாண்டி ஒரு மேடு. அதில் கற்களுக்கு மேல் நீளமாக ஒரு மரம் கிடந்தது. ஆள் யாரும் இல்லை. சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான், 'காலி இடம். ஒரு மரம் கிடக்கிறது' என்று என் அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன் நான். பம்பாய்க்கு வரும்வரை கடலைப் பார்த்ததே இரண்டு தடவை, இரண்டும் திருச்செந்தூரில். எனக்கு மரம் என்றால் மரம்தான்.

நாலைந்து மாதம் கழித்து வேலை அந்தப் பக்கம் நெருங்கியபோது அங்கே முப்பது அடியில் ஒரு படகு எழும்பி நின்றது. பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டது. தூத்துக்குடிக்காரர், சூசை. அவர்கள் பக்கத்தில் படகு கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். அவர் ஓடாவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அதிகம் பேச மாட்டார், ஆனால் புளிச்சோற்றில் பங்கு கேட்பார். படகின் சொந்தக்காரி தாராபாய் என்ற கோலிப் பெண்மணி. அதற்கு முந்தைய மழையில் கணவரையும் பழைய படகையும் ஒரே நாளில் கடல் கொண்டுபோயிருந்தது. கழுத்தில் கிடந்ததையெல்லாம் மரமாக மாற்றிவிட்டு, தம்பிமார் இரண்டு பேரும் வேறு ஆள் படகில் கூலிக்குப் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். காலையில் மீன் கூடையோடு சந்தைக்குப் போவார். திரும்பி வந்து, பலகை இடுக்குகளில் அடைக்கிற பஞ்சுத் திரியைத் தொடையில் வைத்து முறுக்குவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அப்போதுதான்.

ஒருநாள் அந்த மேட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வரிசையாகக் குழி தோண்ட வந்தார்கள். குழிக்கு மேல் சிமெண்டுக் கட்டை, கட்டைக்கு மேல் இடுப்பளவு உயரத்தில் குழாய். பற்றவைத்துவிட்டால் அதன்பிறகு எந்தப் படகும் அதைத் தாண்டாது. தாராபாய் எங்கள் சூப்பர்வைசரிடம் போனார். அவர் மாதுங்காவில் குடியிருந்த தமிழர், கெட்டவர் இல்லை. ஃபைலைத் திறந்து காலி இடம் என்று எழுதியிருப்பதைக் காட்டினார். தாராபாய்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஹி மாஜி ஹோடி ஆஹே" என்றார். இது என் படகு என்று அர்த்தம். சண்டை போடவில்லை. அதை மூன்று முறை சொல்லிவிட்டு வந்துவிட்டார். தாளின் அடியில் யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நேராகப் படகடிக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அத எழுதினது நாந்தான். வெறும் மரம்னு நெனச்சிட்டேன்."

சூசை உளியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மரமில்ல தம்பி, அது ஏரா. படகுக்கு முதுகெலும்பு. அதக் கெடத்தி, பூவச் சுத்தி, தேங்கா ஒடச்ச அன்னைக்கே படகு பொறந்தாச்சி." உளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "எழுதினவன்தான மாத்தி எழுதணும்?" என்றார்.

மறுநாள் காலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். நான் பார்த்தது கட்டத் தொடங்கியிருந்த படகு. தவறு என்னுடையது. சூப்பர்வைசர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் ஃபைல்ல வச்சா நோக்கு வேலை போயிடும். தெரியுமோன்னோ?"

தெரியும் என்றேன். அக்காளுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசனை ஓடியது. ஆனாலும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. சொன்னதையே மூன்று முறை சொல்லிவிட்டுப் போன அந்த அம்மாளிடமிருந்து ஒட்டியதாக இருக்கலாம்.

சூப்பர்வைசர் வெளியே போய்க் குழிகளைப் பார்த்தார், படகைச் சுற்றி வந்தார். கடைசியில், படகுக்கு நேராக ஒரு குழாய் நீளத்துக்கு மட்டும் இடைவெளி விட்டுவிட்டு மேலே போவதாகச் சொன்னார். குழாயைச் சோதனை செய்ய ஆட்கள் வருகிறவரைக்கும்தான். எட்டு நாள்.

சூசை கணக்குப் போட்டது கடலை வைத்து. ஏழாம் நாள் அமாவாசை, உச்சி வேளையில் தண்ணீர் நன்றாக மேலே ஏறும். அதை விட்டால் வழியில்லை. அதற்குள் முழுசாக முடியாது என்று அவருக்கு அப்போதே தெரியும். மேல் பலகைகளை விட்டுவிடுவது, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே மட்டும் ஒரு இடுக்கு விடாமல் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தார். தாராபாய் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். குடிசைப் பெண்கள் எல்லாரும் பஞ்சு முறுக்கினார்கள். தம்பிமார் குங்கிலியம் காய்ச்சினார்கள். வேலை முடிந்ததும் நானும் போய் நின்றேன். சுத்தியலைக் கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் இரண்டு விரலை நசுக்கிக்கொண்டதும் வாங்கிவிட்டு, தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்கள்.

படகை இறக்க அடியில் போடும் உருளைக்கட்டைக்குப் பூசக் கொழுப்பு வேண்டும் என்றார் சூசை. அத்தானிடம் சொன்னேன். தோல் பட்டறைக்காரருக்குக் கொழுப்புக்கா பஞ்சம்? இரண்டு டின் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் செம்பூரிலேயே இறக்கிவிட, மீதி வழி முழுக்கத் தலையில் சுமந்து நடந்தே வந்து சேர்ந்தார். என் வேலை போகப் போவது அவருக்குத் தெரியும். ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

ஏழாம் நாள். மேல் பலகை இல்லாமல், சாயம் இல்லாமல், பாதி உடுத்தியது போல நின்றது படகு. நாற்பது பேர் இழுத்தோம். மேட்டிலிருந்து நன்றாகவே இறங்கியது. சரியாக அந்த இடைவெளிக்கு வந்ததும் நின்றுவிட்டது. நாங்கள் தோண்டி மூடிய மண் இளகி, உருளைக்கட்டைகள் புதைந்துவிட்டன. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. எதிரே தண்ணீர் ஏறி நின்றது. இன்னும் அரைமணி நேரத்தில் வடியத் தொடங்கிவிடும். சூசை முன்பக்க மரத்தில் கை வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிமெண்டு போடுவதற்காக அடுக்கி வைத்திருந்த பலகைகள் என் கண்ணில் பட்டன. காண்டிராக்டர் சொத்து. நான் தயங்கியதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"என்ன பார்த்துண்டு நிக்கறே? எடுத்துப் போடு."

போட்டோம். பற்றவைக்கிற ஆட்கள் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். பலகைகள் நொறுங்கின. படகு அசைந்தது, பிறகு எங்களைக் கேட்காமலே போனது. கயிற்றோடு நாலு பேர் தண்ணீரில் விழுந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் கத்திய ஒரே ஆள் நான்தான்.

எழுந்து பார்த்தபோது படகு மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கசிந்தது. தாராபாயின் முகம் மாறியதைப் பார்த்து, சூசை உள்ளேயிருந்து சொன்னார்: "மரம் தண்ணி குடிக்கிதுன்னு சொல்லு. குடிச்சி ஊதிச்சின்னா அடஞ்சிரும்." நான் இந்தியில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தாராபாய் கரையில் உட்கார்ந்தார். மடியில் பஞ்சு இல்லாமல் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேல் பலகைகளைத் தண்ணீரில் கட்டி வைத்தே அடித்து முடித்தார்கள். மாதக் கடைசியில் எனக்கு வேலை போயிற்று. சூப்பர்வைசர் வேறோர் ஆபீசுக்குக் கடிதம் கொடுத்தார், முப்பத்திரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன். சூசை அடுத்த படகு கட்ட ரத்னகிரிப் பக்கம் போனார்.

மழை ஓய்ந்து, கோலிகள் கடலுக்குத் தேங்காய் போடும் பௌர்ணமி கழிந்த வாரத்தில், தாராபாய் தாராவிக்கே தேடி வந்து அக்கா வீட்டு வாசலில் ஒரு கூடை வாவல் மீனை இறக்கி வைத்தார். ஒவ்வொரு வருடமும் வந்தார். ஏழெட்டு வருடம் கழித்துத் தம்பிகளில் ஒருவன் கொண்டுவந்தான். பிறகு ஒரு வருடம் யாரும் வரவில்லை. அக்கா இரண்டு நாள் மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தாள். நான் டிராம்பேக்குப் போனேன். தாராபாய் காலமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. தம்பிகள் படகை மணல் அள்ளுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார்கள்.

அன்று மருந்துக் கடையிலிருந்து நேராக டிராம்பேக்குப் போனேன். இப்போது அங்கே உயரமான மதில். குழாய்கூட இல்லை. சேறு மேடேறி, புதர் மண்டி, கடல் எங்கோ உள்வாங்கிவிட்டது. அமாவாசைத் தண்ணீரும் அதுவரை வருவதில்லை என்றார்கள். நாற்பது பேர் இழுத்த இடத்தில் நின்று பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தெரியவில்லை.