சரீபா சொல்லாத கலியாணம்

கல்முனைக்குடியில் ஒரு கலியாணம் நடக்க மாப்பிள்ளை வேண்டும், பெண் வேண்டும், பள்ளிவாசலில் எழுத ஆள் வேண்டும். இத்தனையும் இருந்தாலும் சரீபா போய்ச் சொல்லாவிட்டால் அந்தத் தெரு அசையாது. அச்சடித்த கார்ட் இருக்கிறதே என்பார்கள் வெளியூர்க்காரர்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? கார்ட்டை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். சரீபா வாசலில் நின்று வாயால் சொன்ன பிறகுதான் சாரியைத் தேடி எடுத்து அயன் பண்ணுவார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. வெயிலோ மழையோ கையில் ஒரு நீலக் குடை. கணவர் சீனித்தம்பி மேசன் வேலைக்காரர். பேச்சையெல்லாம் பெண்சாதிக்கே எழுதிக் கொடுத்துவிட்டவர் போல வாயே திறக்கமாட்டார். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு எந்த வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், யாருடைய பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணி சந்தியில் பெனர் கட்டப்போகிறார்கள், பெருநாளைக்கு அடுத்த நாள் கிரிக்கெட் மெட்ச் எந்த மைதானத்தில், எல்லாம் சரீபாவுக்குத் தெரியும். கேட்டால் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

ஆனால் கலியாணம் சொல்லப் போகும்போது மட்டும் ஆள் வேறு. யாருடைய மகளாக இருந்தாலும் "நம்மட மகள்" என்றுதான் சொல்லுவாள். "ஞாயித்துக்கிழம நம்மட மகள்ற கலியாணம். ஒருத்தரையும் உட்டுடாம குடும்பத்தோட வந்திருங்க." இவ்வளவுதான். "இன்ஷா அல்லாஹ், வாறம்" என்று வீட்டுக்காரி சொன்னதும் அடுத்த வாசல். ஒரு வீட்டுக்குச் சொல்லப் புறப்பட்டால், அது முடியும்வரை வேறு எந்த வீட்டுக் கலியாணத்தையும் வாயில் எடுக்கமாட்டாள். இந்தக் கட்டுப்பாட்டை அவளுக்கு யாரும் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டது, இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளும் மீறியதில்லை.

அந்தக் கட்டுப்பாடு அவள் கழுத்தையே பிடித்த கதைதான் இது.

றஊப் ஹாஜியாரும் கல்முனைக்குடிக்காரர்தான், சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருப்பவர். அவருடைய இளைய மகளின் கலியாணத்துக்கு நூற்றி நாற்பது வீடு சொல்லவேண்டும் என்று அவர் பெண்சாதி றகுமத்தும்மா சரீபாவை அழைத்துக் கையைப் பிடித்துக் கேட்டார். சரீபா ஒப்புக்கொண்டாள். அறுபது வீடு சொல்லி முடித்த அன்று பின்னேரம் நிந்தவூரில் இருந்து செய்தி வந்தது. சரீபாவின் மகள் சஜானாவுக்குப் பேசியிருந்த பர்ஸானுக்குக் கட்டாரில் திடீரென்று லீவு கிடைத்திருக்கிறது. மொத்தம் பத்து நாள். மாப்பிள்ளை வீட்டார் சந்தோசத்தில் அவசரப்பட்டுப் பள்ளியில் நாளும் எழுதிவிட்டார்கள். எந்த நாள்? ஹாஜியார் வீட்டுக் கலியாணத்தின் அதே ஞாயிற்றுக்கிழமை. அதே பகல்.

இன்னும் எண்பது வீடு பாக்கி.

சரீபா அந்த எண்பது வீட்டுக்கும் போனாள். ஹாஜியார் வீட்டுக் கலியாணத்தை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். தன் மகளைப் பற்றி மூச்சு விடவில்லை. "சஜானாக்கு எப்ப?" என்று கேட்ட வீடுகளில், "நாயன் நாடின நேரம் நடக்கும்" என்று குடையை விரித்துக்கொண்டு நழுவினாள். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"உம்மா, நான் வட்ஸப்பில கார்ட்டப் போட்டு உடுறன்," என்றாள் சஜானா.

"போட்டா எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டு எழுதுவாங்க. கதிரையில வந்து குந்துறது ஆரு?"

"அப்ப நீங்களே திரும்பப் போய்ச் சொல்லுங்களன்."

"அதே வாசல்ல நிண்டு என்ட ஊட்டுக்கும் வாங்க எண்டா, ஹாஜியார் ஊட்டுக்குப் போகாதங்க எண்டு சொல்ற மாதிரித்தானே மகள்? றகுமத்தும்மா ராத்தா என்ட கையப் புடிச்சிக் கேட்டவ."

மகளை அப்பால் அனுப்பிவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தி அழுதாள். ஊரையே கலியாண வீட்டுக்குக் கூட்டிப்போனவளின் வீட்டில், நிந்தவூராரின் முன்னால், வெறும் கதிரைகள் வரிசையாக இருக்கப்போகின்றன.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலால் வந்தாள் தங்கரத்தினம். பாண்டிருப்புக்காரி; தலையில் கருவாட்டுப் பெட்டியோடு கல்முனைக்குடித் தெருக்களை நாள்தோறும் அளப்பவள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வாய். சரீபா எல்லாவற்றையும் கொட்டினாள்.

தங்கரத்தினம் முழுவதையும் கேட்டாள். பிறகு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"என்ன புள்ள, ஒண்டும் சொல்லாமப் போறாய்?"

"வெயில் ஏறுது," என்றாள் தங்கரத்தினம்.

சரீபாவுக்கு அதுவும் ஒரு குறையாகப் பட்டது.

ஞாயிறு வந்தது. பந்தலுக்குக் கீழே நூற்றியிருபது கதிரை. மூன்று சட்டியில் புரியாணி. பகல் லுஹர் தொழுகை முடிந்தபோது வந்திருந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் சமையல்காரர்கள். நிந்தவூர் வேன்கள் இரண்டும் வந்து நின்றன. மாப்பிள்ளையின் உம்மா இறங்கி, பந்தலை ஒரு பார்வை பார்த்தார். சீனித்தம்பி ஒவ்வொரு கதிரையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார், பாவம்.

அப்போதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது. புதுச் சாரிகளும் அபாயாக்களும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம். அதன் பின்னால் இன்னொரு கூட்டம். தெரு முழுக்கச் செருப்புச் சத்தம். முன்னால் வந்தவர் தெருக்கோடி வீட்டு சபியா உம்மா, மூச்சு வாங்க வாங்க.

"என்னடி சரீபா, ஒளிச்சா கலியாணம் முடிக்கப் பாத்தாய்?"

"ஆரு சொன்ன உங்களுக்கு?"

"தங்கரத்தினந்தான். ஊடு ஊடா வந்து சொன்னா. கருவாடு வாங்காட்டியும் காரியமில்ல, சஜானாட கலியாணத்துக்குப் போகாட்டி இனி இந்த வாசலுக்கு வரமாட்டன் எண்டுட்டா. அவட கருவாட்ட ஆரு உடுவாங்க?"

"ஹாஜியார் ஊட்டுக்குப் போகல்லயா?"

"போகாம? எல்லாரும் போன. ஆளுக்கு ரெண்டு புடிதான் திண்ட. மிச்ச வயிறு உனக்கு."

நூற்றியிருபது கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டு வாங்குப் பலகைகளை இழுத்து வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, "உங்கட ஊர்ச் சனம் பொல்லாத சனந்தான்" என்று சந்தோசமாகச் சலித்துக்கொண்டார். பெண்கள் போட்ட குரவையில் சமையல்காரர் அகப்பையைக் கீழே போட்டார். தங்கரத்தினம் பட்டுச் சாரி உடுத்து முதல் வரிசையில் இருந்தாள், ஒன்றும் அறியாதவள் போல. சரீபா அவளைப் பார்த்து முறைத்தாள், சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள்.

மூன்று மணியிருக்கும். வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. இறங்கியவர் றகுமத்தும்மா. காலையில் மாப்பிள்ளையை வரவேற்ற அதே சாரி, அதே நகைகள். சரீபா ஓடி வந்தாள். றகுமத்தும்மா படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"என்ட ஊட்டில சகன்ல வெச்ச சோறெல்லாம் பாதி பாதியாக் கிடக்கு. ஏன் எண்டு விசாரிச்ச. நூத்தி நாப்பது ஊட்டுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியா."

"ராத்தா, உங்கட விசயத்தில பங்கம் வந்திரும் எண்டுதான்..."

"அதெல்லாம் எனக்குத் தேவல்ல. சொல்லாத ஊட்டுக்கு நான் போறல்ல. சொல்லு, உள்ளுக்கு வாறன்."

சரீபா குடையில்லாமல் வெயிலில் நின்றாள். ஆயிரம் வாசலில் தடங்காத வாய். "ஞாயித்துக்கிழம" என்று தொடங்கி, இன்றைக்குத்தான் ஞாயிறு என்று நினைவு வந்து நிறுத்தினாள். பந்தலுக்குள் யாரோ சிரித்தார்கள். திரும்பவும் தொடங்கினாள்.

"இண்டைக்கு நம்மட மகள்ற..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன சொல்லை, சொந்த மகளுக்கு இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறாள்.

றகுமத்தும்மா காத்து நின்றார்.

"...கலியாணம். ஒருத்தரையும் உட்டுடாம வந்திருங்க, ராத்தா."

"இன்ஷா அல்லாஹ், வாறம்," என்று றகுமத்தும்மா செருப்பைக் கழற்றினார். "சோறு இருக்கா? காலையில இருந்து நான் இன்னம் தின்னல்ல."