கற்றாழைக்கு ஒரு ஜன்னல்

செல்லதுரையைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. சத்தமாகத் திட்ட முடியாது, அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் மனசுக்குள்தான். கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடி குடோன்களுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் அவன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் வெறும் பலகைச் சுவர். நான் தோசை மாவு அரைத்து விற்பவள். அவன் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேன். சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் நான் கிரைண்டரைப் போட முடியும். பகலில் போட்டால் அவன் பெண்டாட்டி வசந்தி என் வாசலில் வந்து நிற்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், சும்மா நிற்பாள். அதற்கு நாலு வார்த்தை ஏசிவிட்டே போயிருக்கலாம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவன் செல்லதுரை. இடுப்பு போன பிறகு அதே முதலாளி அவனை வாட்ச்மேன் ஆக்கினார். அப்போது மகள் மகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து, அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. நடுவில் போன காலம் முழுக்க இவன் பகலில் தூங்கினான். நன்றாகத் தூங்கினான் என்று சொல்ல முடியாது. மாலையில் எழுந்து வரும்போது கண் சிவந்து, முகம் வீங்கி, யாரோ அடித்துப் போட்டது மாதிரி இருப்பான். லீவு நாளிலும் ராத்திரி கண் மூடாது. வாசல்படியில் உட்கார்ந்து தெருநாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வீட்டுக்கு ஒரே ஜன்னல். கிழக்கே பார்த்தது. காலை வெயில் நேராக உள்ளே விழும் என்று அவன் அதில் சாக்கை மடித்து ஆணி அடித்துவிட்டான். வசந்தி டூரிஸ்டுகள் தங்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை துடைக்கிறாள். மத்தியானம் வந்ததும் அந்த இருட்டில் உட்காருவாள். லைட் போட மாட்டாள், டிவி போட மாட்டாள். விசில் அடிக்கும் என்று குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோற்றை வடித்தே காலம் தள்ளினாள். அவன் எழுந்து குளித்து, சாயா குடித்து, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரே வீட்டில் தனித்தனியாகக் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டியை இங்கேதான் பார்க்கலாம் என்று நான் கேலி பேசுவதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கக்கூட அவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.

போன வருஷம் முதலாளியின் மகன் குடோனில் கேமரா வைத்தான். வைத்த கொஞ்ச நாளிலேயே, செல்லதுரை நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கியது அதில் பதிந்துவிட்டது. இன்னொரு தரம் இப்படிப் பார்த்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று அவன் சொல்லி அனுப்பினான். அன்றிலிருந்து செல்லதுரைக்குப் பகல் தூக்கம் வேளை தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து மாதிரி ஆயிற்று. அது தப்பினால் வேலை போகும். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுவதும் லேசில்லை.

வசந்தி இதைக் கண்திருஷ்டி என்றாள். பூ விற்கும் பிச்சைமணியிடம் சொல்லி ஒரு கற்றாழை வாங்கி, வேர் மேலே, மடல் கீழே இருக்கும்படி வாசலில் கட்டித் தொங்கவிட்டாள். எங்கள் தமிழ் ஆட்கள் எல்லார் வீட்டு வாசலிலும் தொங்குவதுதான். எதிர்வீட்டு ஜிஷா மட்டும், பாவம் அது என்ன குற்றம் செய்தது, எதற்குத் தலைகீழாகத் தூக்கில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பாள். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், காற்றைக் குடித்தே அது உயிரோடு கிடந்தது. மழைக்காலத்தில் கயிறு இற்று, கீழே விழுந்துவிட்டது.

திருஷ்டிக்குக் கட்டியது விழுந்தால் முச்சந்தியில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது. அது வாங்கி வைத்த கண்ணேறெல்லாம் உள்ளே வந்துவிடும். வசந்திக்கு இது தெரியாததல்ல. போடத்தான் எடுத்துப் போனாள். பார்த்தால் வேரடியில் ஒரு சின்னக் குட்டி முளைத்திருந்தது. திரும்பி வந்து, பழைய சட்டியில் மண் நிரப்பி நட்டு, வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். லைன் முழுக்கத் திட்டியது, முதல் ஆள் நான்தான். அவள் வழக்கம்போல நின்றாள்.

அந்த இருட்டில் கற்றாழை வெளுத்தது. மடல்கள் நீண்டு மெலிந்து சட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தன. வெயில்தானே வேண்டும் என்று வசந்தி பங்குனி வெயிலில் அதைத் தகரக் கூரைமேல் தூக்கி வைத்தாள். நாலைந்து நாளில் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஹோம்ஸ்டேயில் தோட்டம் பார்க்கும் பினு கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டானாம். இருட்டில் கிடந்ததை யாராவது ஒரேயடியாக உச்சி வெயிலில் காய வைப்பார்களா? காலை வெயில் வரும் ஜன்னலில் வை, முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போ, ஒரே பக்கம் சாயாமல் சட்டியை அவ்வப்போது திருப்பு, மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லி அனுப்பினான்.

என் வீட்டு ஜன்னலும் கிழக்குதான். அங்கே வைத்துக்கொள் என்று நானே சொன்னேன். வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை நாள் கிரைண்டரை அடக்கி வைத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் செல்லதுரையிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அவன் படுக்கப் போகும் நேரத்தில், தணிந்த குரலில், பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

"செடிக்குக் கொஞ்சம் வெட்டம் வேணுங்க."

"எனக்கு ஒறக்கம் வேணும் வசந்தி."

அவள் கேட்ட வெளிச்சம், இவன் கேட்ட தூக்கம், இரண்டுமே நியாயம். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் சலித்துப்போனது.

ஒரு காலையில் வசந்தி காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. அவன் வந்து படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது, பிறகு சாக்கு கிழியும் சத்தம். அவன் பதறி எழுந்து கத்தினான். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. உளுந்து ஊறப்போட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ஒரு செடிக்காக என் ஜோலியக் கெடுக்கப் போறியா?"

வசந்தியின் குரல் உயரவே இல்லை.

"செடிக்குன்னு கேட்டா தெறப்பீங்கன்னு நெனச்சேன். எனக்குத்தாங்க வெட்டம் வேணும். வேல முடிஞ்சு வந்தா இருட்டுல உக்காந்திருக்கேன். எத்தன வருசமா உக்காந்திருக்கேன். நீங்க எங்களுக்காகத்தான கண்ணு முழிக்கிறீங்க, எனக்குன்னு கேக்க வாய் வரல."

என் வாசலில் அவள் வந்து சும்மா நின்ற நாட்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. அது கிரைண்டருக்காக மட்டும்தானா என்று அப்போதுதான் தோன்றியது. நானும் ஒரு நாள் உள்ளே வா, உட்கார் என்று சொல்லியிருக்கலாம்.

செல்லதுரை ஜன்னலைத் திரும்ப மூடவில்லை. துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தான். தூக்கம் வந்திருக்காது, ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் பேச்சுக்குரல் கேட்டது. மகாவின் பிள்ளையைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றி, அவள் அறை துடைக்கப் போகும் இடத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிலில் மணலைக் கொட்டி வைப்பதைப் பற்றி. பகல் முழுக்கப் பேசினார்கள். மறுநாளும் துண்டுதான். அதற்கு மறுநாளும். ஜன்னலில் வைத்த கற்றாழையின் நடுவில் பச்சையாக ஒரு மடல் கிளம்பியதை வசந்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் மடலைப் பார்க்கவில்லை. செல்லதுரையின் கண்ணைத்தான் பார்த்தேன். கோவைப்பழம் மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தபடியேதான் நடந்தது. அந்த வாரமே ஒரு காலையில் அவன் வெறும் கையோடு என் வாசலில் வந்து நின்றான். வேலை போய்விட்டது, கேமராவில் மறுபடி பார்த்துவிட்டார்கள் என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. முதலாளி மகனைத் திட்டினேன், கேமராவைத் திட்டினேன். கடைசியில் வசந்தியிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், சரி என்றாள், வேறு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் என்றான். சொல்லிவிட்டும் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அங்கேயே நின்றான். இன்னும் என்னடா என்றேன்.

"இன்னைக்கு ராத்திரி வீட்டுல படுக்கணும்க்கா. அவ எந்தப் பக்கம் படுப்பான்னு மறந்தே போச்சு. கேக்க வெக்கமா இருக்கு."